என்பு வளர்த்த பஞ்சும் உண்மை மறைத்த ஏடும்

விஞ்ஞானம் தன் தவறுகளைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற கூற்று இக்காலத்துக் கற்றோரிடையே ஏறக்குறைய ஒரு சமய நம்பிக்கையாகவே வேரூன்றிவிட்டது. மருந்தொன்று தீங்கு விளைவித்தது என்றோ, ஆய்வுக் கட்டுரையொன்று உண்மையை மறைத்தது என்றோ எவரேனும் எடுத்துக்காட்டுமிடத்து, "அதனைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானந்தானே" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. இவ்விடை கேட்பதற்கு இனியது. கேட்பவரின் கவலையைப் போக்க வல்லது. ஆயினும் அது உண்மையன்று. 'தானே' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மனிதரின் விடாமுயற்சியும், எத்தனை நோயாளரின் துன்பமும், எத்தனை ஆண்டுகளின் தாமதமும் மறைந்து கிடக்கின்றன என்பதை ஆராய்ந்து நோக்குவோர் மிகச் சிலரே.

இக்கூற்றின் பொருத்தமின்மையை உணர்ந்துகொள்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட 'இன்பியூஸ்' என்னும் சாதனத்தின் வரலாறு மிகவும் துணைபுரிவதாகும். முள்ளந்தண்டினுள் வைக்கப்பட்டு, அங்கு ஒரு புரதத்தை வெளிவிட்டு, இரண்டு என்புகளை ஒன்றாக வளரச் செய்யும் சாதனம் அது. அதன் பின்னணியிலுள்ள கண்டுபிடிப்பு போற்றத்தக்கது. அக்கண்டுபிடிப்பு சந்தைக்கு வந்த முறையோ கண்டிக்கத்தக்கது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாதோர் ஒன்றில் விஞ்ஞானத்தையே வெறுப்பர். அன்றேல் வணிகத்தையே விஞ்ஞானமென மயங்குவர்.

என்பும் புரதமும்

மனிதரின் முள்ளந்தண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட என்புகளால் ஆனது. அவ்வென்புகளுக்கிடையே உள்ள தட்டுகள் தேய்ந்து சிதையுமிடத்துச் சிலருக்கு நீங்காத முதுகுவலி உண்டாகும். ஏனைய சிகிச்சைகள் பயனளிக்காதபோது, தேய்ந்த தட்டை அகற்றி, அதன் மேலும் கீழும் உள்ள என்புகளை ஒன்றாகப் பிணைத்துவிடுவது சத்திரசிகிச்சையாளர் கையாளும் வழிகளுள் ஒன்று. இரண்டு என்புகள் ஒன்றாவதற்கு அவற்றின் இடையே புதிய என்பு வளர வேண்டும். அதற்கென நோயாளியின் இடுப்பு என்பிலிருந்து சிறு துண்டுகளைச் செதுக்கி எடுத்து இடையிலே வைப்பது நெடுங்கால வழக்கமாகும். உடலின் ஓரிடத்தைப் புண்ணாக்கி மற்றோரிடத்தைக் குணப்படுத்தும் இம்முறையில், என்பு எடுத்த இடத்திலே சிலருக்கு வலி நீடித்தது. சிலரிடத்து என்புகள் பிணையாமலும் போயின. இதற்கு மாற்றுவழி தேடுதல் நியாயமானதே.

அம்மாற்றுவழிக்கான வித்து 1965இல் இடப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் யூரிஸ்ற் என்னும் என்புச் சத்திரசிகிச்சை நிபுணர், கனிப்பொருள் நீக்கப்பட்ட என்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, என்பு வளரவே காரணமற்ற அவ்விடத்திற் புதிய என்பு தோன்றியதைக் கண்டு வெளியிட்டார். என்பினுள் உறையும் ஏதோ ஒரு பொருள் அயலிலுள்ள கலங்களை என்பாக மாறும்படி ஏவுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. 1971இல் அதற்கு 'என்புருவாக்கப் புரதம்' எனப் பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். 1988இல் ஜோன் வொஸ்னியும் அவருடன் பணிபுரிந்தோரும் இவ்வகைப் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளை இனங்கண்டு அறிவித்தனர். அதன்பின், வளர்ப்புக் கலங்களைக் கொண்டு இப்புரதத்தை வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ளுதல் இயல்வதாயிற்று.

புரதம் கிடைத்தாற் போதாது. அது வேண்டிய இடத்தில், வேண்டிய காலம்வரை தங்கியிருத்தல் வேண்டும். இதன்பொருட்டே சாதனம் தேவைப்பட்டது. மாட்டின் தசைநாணிலிருந்து பெறப்பட்ட கொலாஜனால் ஆன மெல்லிய பஞ்சொன்று, மில்லிலீற்றர் ஒன்றுக்கு 1.5 மில்லிகிராம் புரதம் கொண்ட கரைசலில் நனைக்கப்படுகிறது. நனைந்த பஞ்சு தைத்தேனியத்தாலான சிறு கூட்டினுள் அடைக்கப்பட்டு, இரண்டு என்புகளுக்கிடையே பொருத்தப்படுகிறது. கூடு என்புகளைத் தாங்கி நிற்கும். பஞ்சு மெல்ல மெல்ல உடலிற் கரையும். புரதம் என்பை வளர்க்கும். இப்பஞ்சிலுள்ள புரதத்தின் செறிவு உடலில் இயற்கையாகக் காணப்படும் செறிவிலும் மிக மிகக் கூடியது என்பதும், அது கூட்டைவிட்டு வெளியே கசியுமாயின் வளரக்கூடாத இடத்தில் என்பையும் அயலிலுள்ள இழையங்களில் வீக்கத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. பயனுக்கும் தீங்குக்கும் காரணம் ஒன்றே. ஆதலின், பயனைப் பற்றி மட்டும் பேசும் ஆய்வு அரைவாசி ஆய்வேயாகும்.

பூச்சியம் என்ற எண்

இச்சாதனத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது மெட்ரோனிக் என்னும் பெருநிறுவனம். 279 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட முதன்மையான ஆய்வின்படி, இரண்டு ஆண்டுகளின் பின் புரதம் பெற்றோருள் நூற்றுக்கு 94.5 பேரிடத்தும், இடுப்பு என்பு பெற்றோருள் நூற்றுக்கு 88.7 பேரிடத்தும் என்புகள் பிணைந்திருந்தன. இடுப்பு என்பு எடுக்கப்பட்டோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அவ்விடத்தில் இன்னும் நோவு உண்டெனக் கூறினர். 2002 யூலையில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. அவ்வனுமதி குறுகியது: முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில், ஒரே ஒரு தட்டுக்கு, வயிற்றுப்புறமாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சையில், குறித்த கூட்டுடன் மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். ஆயின், நடந்தது வேறு. 2002இல் அந்நாட்டு முள்ளந்தண்டுப் பிணைப்புகளுள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றிலே இடம்பெற்ற இவ்வகைப் புரதம், 2006இல் நான்கில் ஒன்றில் இடம்பெற்றது. அவற்றுட் பெரும்பாலானவை அனுமதி குறித்த எல்லைக்குப் புறம்பானவை.

இத்துணை விரைவாக அது பரவியமைக்கு மருத்துவ சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகள் பெருங்காரணமாயின. நிறுவனத்தின் நிதியுதவியுடன் நடத்தப்பட்ட ஆய்வுகள் பற்றிய 13 கட்டுரைகளில், 780 நோயாளர் இப்புரதத்தைப் பெற்றதாகக் கூறப்பட்டது. அந்த 780 பேருள் எவரிடத்தும் புரதத்தால் விளைந்த தீங்கென ஒன்றேனும் குறிக்கப்படவில்லை. எண்ணிக்கை பூச்சியம். தலைவலி மாத்திரைக்குக் கூடத் தீய விளைவுகள் உண்டென்பதை மருத்துவ மாணவர் முதலாண்டிலேயே கற்கின்றனர். அவ்வாறிருக்க, உடலின் கலங்களையே வேறொன்றாக மாற்றவல்ல புரதமொன்று 780 பேரில் ஒருவரையேனும் வருத்தவில்லை என்ற செய்தியைச் சஞ்சிகை ஆசிரியர்கள் அச்சேற்றினர், மதிப்பீட்டாளர்கள் ஏற்றனர், சத்திரசிகிச்சையாளர்கள் நம்பினர். ஐயுற வேண்டிய எண்ணே அதன் சிறப்புக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

ஐயுறுவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. முதுகுப்புறமாக இப்புரதத்தை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்று, நரம்புகள் செல்லும் கால்வாயை நோக்கி என்பு வளர்ந்திருப்பதைப் படங்கள் காட்டியமையால் 1999இலேயே நோயாளரைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தது. அவ்வாய்வின் முடிவு சஞ்சிகையில் வெளிவந்தது 2004இலேதான். இடைப்பட்ட காலத்தில் சாதனம் அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்துவிட்டது. 2008 யூலையில் உணவு மருந்து நிருவாகம் ஓர் அபாய அறிவித்தலை விடுத்தது. அனுமதியின்றிக் கழுத்துப் பகுதியில் இப்புரதம் பயன்படுத்தப்பட்டமையால், கழுத்தும் தொண்டையும் வீங்கி, சுவாசக் குழாய் நெருக்குண்டு, உயிருக்கே ஆபத்து நேர்ந்தமை பற்றி நான்கு ஆண்டுகளில் குறைந்தது 38 முறைப்பாடுகள் கிடைத்தன என அவ்வறிவித்தல் கூறிற்று. அச்சில் இருந்த பூச்சியத்துக்கும் மூச்சுத் திணறிய நோயாளருக்கும் இடையிலிருந்த முரண்பாடு இனி மறைக்க இயலாததாயிற்று.

2011 யூனில், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணரும் முள்ளந்தண்டு மருத்துவச் சஞ்சிகையொன்றின் ஆசிரியருமான இயூஜீன் கரஜீ, இருவருடன் இணைந்து இம்முரண்பாட்டை ஆராய்ந்து வெளியிட்டார். அவர் கையாண்ட முறை கலைப்பீடத்தாருக்கு அந்நியமானதன்று. ஒரே நூலின் ஏட்டுப் பிரதிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரைப் போன்று, சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகளையும் அதே ஆய்வுகள் பற்றி உணவு மருந்து நிருவாகத்திடம் இருந்த ஆவணங்களையும் ஏனைய பதிவுகளையும் அவர் ஒப்புநோக்கினார். இரண்டு பாடங்களும் ஒத்திருக்கவில்லை. தீங்குகளின் உண்மையான வீதம், முதலில் வெளிவந்த கட்டுரைகள் காட்டிய மதிப்பீட்டைப் போன்று 10 முதல் 50 மடங்கு வரை இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். என்பு கரைதல், கூடு இடம்பெயர்தல், நரம்பு வலி, வேண்டாத இடத்தில் என்பு வளர்தல் ஆகியவை அத்தீங்குகளுட் சில. வயிற்றுப்புறச் சத்திரசிகிச்சை பெற்ற ஆண்களைப் பற்றி அவர் அதே ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மலட்டுத்தன்மைக்கு வழிகோலும் விந்து வெளியேற்றக் குறைபாடு, புரதம் பெற்றோருள் நூற்றுக்கு 7.2 பேரிடத்தும், பெறாதோருள் நூற்றுக்கு 0.6 பேரிடத்தும் காணப்பட்டது. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் இளைஞனொருவனுக்கு இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அற்பமானதன்று. அதனை அவன் அறிந்த பின்னரே சம்மதக் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். அறியும் வாய்ப்பு அவனுக்கு அளிக்கப்படவில்லை.

பேனாவைப் பிடித்த கை

இப்பூச்சியம் எவ்வாறு தோன்றியது என்ற வினாவை அமெரிக்கச் செனற் சபையின் நிதிக்குழு எழுப்பியது. அக்குழு 2012 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கை, விஞ்ஞான நூலொன்றின் ஆசிரியர் யார் என்ற அடிப்படை வினாவையே எழுப்புவதாக அமைந்தது. அவ்வறிக்கையின்படி, 1996 முதல் 2010 வரையான காலப்பகுதியில், இச்சாதனம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆசிரியராக விளங்கிய மருத்துவர்களுக்கு மெட்ரோனிக் நிறுவனம் ஏறத்தாழ 21 கோடி டொலரை ஆலோசனைக் கட்டணம், உரிமப் பங்கு முதலிய வகைகளில் வழங்கியிருந்தது. நிறுவன ஊழியர் கட்டுரைகளை வரைவதிலும் திருத்துவதிலும் பங்குகொண்டனர். 2005இல் வெளிவந்த கட்டுரையொன்றில் தீய விளைவுகளின் முழுப் பட்டியலை வெளியிட வேண்டாமென நிறுவன ஊழியரொருவர் ஆலோசனை கூறியிருந்தார். இடுப்பு என்பு எடுக்கும் பழைய முறையின் வலியை வலியுறுத்தும் வாசகங்களும் நிறுவனத்தாராற் சேர்க்கப்பட்டன.

தான் கட்டுரைகளை முறைகேடாக எழுதவோ ஆசிரியர்மீது செல்வாக்குச் செலுத்தவோ இல்லையென்றும், உரிமப் பங்குகளிற் பெரும்பகுதி வேறு பொருட்களுக்கு உரியது என்றும் நிறுவனம் மறுத்துரைத்தது. அம்மறுப்பை அவ்வாறே ஏற்றுக்கொண்டாலும் வினா தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பொருளை விற்பவரிடமிருந்து பெருந்தொகை பெறுபவர், அப்பொருளின் நன்மை தீமையை எடைபோடும் கட்டுரையில், விற்பவர் திருத்திய வாசகங்களின் கீழ்த் தம் பெயரை இடுவாராயின், அக்கட்டுரையைச் சுதந்திரமான ஆய்வு என வாசகர் கொள்ளுதல் எவ்வாறு தகும்? பணம் எதன்பொருட்டு வந்தது என்பது கணக்காளரின் கவலை. பணம் வந்தது என்பதை அறியாது படித்தமையே வாசகருக்கு இழைக்கப்பட்ட அநீதி.

இடுப்பு வலி பற்றிய வாசகம் தனியே நோக்கற்பாலது. ஏனெனில், புதிய சாதனம் எதற்கு என்ற வினாவுக்கு அதுவே முதல் விடையாக இருந்தது. அம்முதன்மையான ஆய்வில், இடுப்பு என்பு எடுக்கப்பட்டவரிடமே அவ்விடத்து வலி கேட்டறியப்பட்டது. எடுக்கப்படாதவருக்கு அவ்விடத்தில் வலியில்லை என்று கொள்ளப்பட்டது. முள்ளந்தண்டு நோயாளர் பலருக்கு இடுப்பில் வலி இருப்பது இயல்பே. யாரிடமிருந்து என்பு எடுக்கப்பட்டது என்பதை அறியாத பரிசோதகரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, இரு சாராரின் இடுப்பு வலிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஒருவரை மட்டும் வினவி இருவரையும் ஒப்பிட்ட தீர்ப்பு, நீதிமன்றத்திலாயின் நகைப்புக்கு இடமாகியிருக்கும்.

மறுப்புகளும் மறுமொழிகளும்

நிறுவனத்தின் பக்கம் நின்று பேசுவோர் மூன்று நியாயங்களைக் கூறுவதுண்டு. முதலாவது, குற்றம் மருத்துவருடையது என்பது. அனுமதியின் எல்லையைக் கடந்து கழுத்திலும் முதுகுப்புறத்திலும் புரதத்தை வைத்தவர் மருத்துவரே. அந்நாட்டுச் சட்டம் அவர்களுக்கு அவ்வுரிமையை அளிக்கிறது. விற்றவர் என் செய்வார் என்பர். மருத்துவரின் பொறுப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், மருத்துவர் தம் தீர்மானத்தை எதன்மேற் கட்டியெழுப்பினர்? தீங்கு பூச்சியம் எனக் கூறிய கட்டுரைகளின் மேலன்றோ? பிழையான வரைபடத்தைக் கொடுத்தவன், வழிதவறிய மாலுமியைக் குறைகூறுதல் முறையாகாது.

இரண்டாவது, புதுமைக்குப் பணம் வேண்டும் என்பது. யூரிஸ்ற் கண்ட உண்மை நோயாளியின் படுக்கையை அடைவதற்கு 37 ஆண்டுகள் பிடித்தன. அப்பயணத்துக்குப் பெருமுதல் இன்றியமையாதது. முதலிட்டவர் இலாபம் தேடுதல் இயல்பு என்பர். இது பெரும்பாலும் மெய்யே. எனினும், பணம் தேவை என்பதிலிருந்து பணம் கொடுத்தவரே பரீட்சை வினாக்களை ஆக்கி, விடைகளைத் திருத்தி, பெறுபேற்றையும் அச்சிடலாம் என்பது பெறப்படுவதில்லை. ஆய்வுக்கு நிதி வழங்குவதும் ஆய்வின் முடிவை ஆள்வதும் வெவ்வேறு செயல்கள். இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதிலேதான் இந்நியாயத்தின் சூழ்ச்சி அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, நிறுவனமே தன் தரவுகளைத் திறந்து வைத்தது என்பது. 2011 ஓகஸ்ற்றில் மெட்ரோனிக் தன்னிடமிருந்த ஆய்வுத் தரவுகள் அனைத்தையும் யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க உடன்பட்டு, சுதந்திரமான மீளாய்வுக்கென 25 இலட்சம் டொலரையும் வழங்கியது. இது பாராட்டத்தக்க செயலே. அதற்கு முன் எந்நிறுவனமும் செய்யத் துணியாததை ஒத்தது எனப் பலர் புகழ்ந்தனர். ஆனால், நாட்களின் வரிசையை நோக்குக. கரஜீயின் கட்டுரை யூனில் வெளிவந்தது. செனற் குழுவின் விசாரணையும் அதே மாதம் தொடங்கியது. ஓகஸ்ற்றிலே கதவு திறந்தது. ஒன்பது ஆண்டுகள் பூட்டியிருந்த கதவை, வெளியே நின்றோர் தட்டிய பின் திறந்தவனுக்கு நன்றி கூறலாம். ஆனால், கதவு தானே திறந்தது எனக் கூறலாகாது.

மருந்தா, சாதனமா?

தீங்குற்ற நோயாளர் நீதிமன்றத்தை நாடியபோது, வெறும் சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் ஒரு வினா அவர்களின் வழியை மறித்தது. இன்பியூஸ் மருந்தா, சாதனமா என்பதே அவ்வினா. என்பை வளர்ப்பது புரதம். தீங்கு விளைவிப்பதும் புரதம். பொதுமக்களின் வழக்கில் இதற்குப் பெயர் மருந்து. ஆனால் புரதம், பஞ்சு, கூடு ஆகிய மூன்றும் சேர்ந்த முழுமை 'சாதனம்' என்ற பிரிவின் கீழேயே பரிசீலிக்கப்பட்டு அனுமதி பெற்றது.

இதன் விளைவு பின்னரே தெரியலாயிற்று. 2008 பெப்ரவரியில் அமெரிக்க உயர்நீதிமன்றம், இதே நிறுவனத்தின் வேறொரு சாதனம் தொடர்பான வழக்கில், உணவு மருந்து நிருவாகத்தின் முழுப் பரிசீலனைக்கு உட்பட்டு அனுமதி பெற்ற சாதனம் பற்றி மாநிலச் சட்டங்களின்கீழ் நட்டஈடு கோரும் வழக்குகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை என எட்டு நீதிபதிகளின் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது; மாறுபட்டவர் ஒருவரே. மறுவருடம், 2009 மார்ச்சில், ஊசிமருந்தொன்றால் தன் கையை இழந்த இசைக் கலைஞரின் வழக்கில், மருந்தைப் பொறுத்தவரை அத்தகைய தடை இல்லை என அதே நீதிமன்றம் கூறியது. மருந்து எனப் பெயரிட்டால் வழக்கு உண்டு. சாதனம் எனப் பெயரிட்டால் வழிமறிப்பு. இன்பியூஸால் தீங்குற்றதாக முறையிட்டோர் பலரின் வழக்குகள் இத்தடையின் பேரில் தள்ளுபடி செய்யப்பட்டன.

நட்டஈடு முற்றாகக் கிடைக்கவில்லை எனக் கூறுதல் பிழையாகும். அனுமதிக்குப் புறம்பான விற்பனையை மறைத்துத் தம்மை ஏமாற்றியதாக வழக்கிட்ட பங்குதாரருக்கு 8 கோடி 50 இலட்சம் டொலர் வழங்க நிறுவனம் 2012இல் இணங்கியது. 2014இல், ஏறத்தாழ 950 நோயாளரின் கோரிக்கைகளை 2 கோடி 20 இலட்சம் டொலருக்குத் தீர்த்துக்கொண்டது. நோயாளி ஒருவருக்குச் சராசரியாக 23,000 டொலர் அளவே கிடைத்திருக்கும். பங்குப் பத்திரத்தின் விலை வீழ்ச்சிக்கு அளிக்கப்பட்ட தொகை, அந்த 950 மனிதரின் உடலுக்கு அளிக்கப்பட்ட தொகையிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு சமுதாய அமைப்பு எதனை மதிக்கிறது என்பதை அறிய அதன் பேச்சுகளைக் கேட்கத் தேவையில்லை. அதன் காசோலைகளைப் பார்த்தாற் போதும்.

2013இன் தீர்ப்பு

யேல் பல்கலைக்கழகம் தரவுகளை இரண்டு குழுக்களிடம் தனித்தனியே ஒப்படைத்தது. ஒன்று இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகக் குழு. மற்றையது அமெரிக்காவின் ஒறிகன் மாநில மருத்துவ விஞ்ஞானப் பல்கலைக்கழகக் குழு. 2013 யூனில் இரு குழுக்களின் முடிவுகளும் வெளிவந்தன. புரதம் பெற்றோரிடத்து என்பு பிணைதல் சற்றுக் கூடுதலே என யோர்க் குழுவினர் கண்டனர்; வலியிற் காணப்பட்ட குறைவோ நோயாளி உணரத்தக்க அளவினதன்று என்றனர். இடுப்பு என்பிலும் இப்புரதம் மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும், முக்கியமான தீங்குகள் நேரக்கூடும் என்றும் ஒறிகன் குழுவினர் கூறினர். தொடக்ககாலக் கட்டுரைகள் தெரிந்தெடுத்த செய்திகளையே வெளியிட்டுப் பயனையும் தீங்கையும் திரித்துக் காட்டின என்பதும் அவர்கள் முடிபாகும்.

இம்முடிவுகள் புரதம் பயனற்றது எனக் கூறவில்லை. அது என்பை வளர்க்கிறது. யூரிஸ்ற் கண்டது மெய். என்பு எளிதிற் பிணையாத கடினமான நோயாளரிடத்து அதனை அளவறிந்து பயன்படுத்தும் சத்திரசிகிச்சையாளர் உளர். சாதனம் அமெரிக்காவில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. பிழை வேறிடத்தில் உள்ளது. நோயாளி வேண்டி வந்தது வலி நீங்குதலை. ஆய்வு அளந்து காட்டியது படத்தில் என்பு பிணைதலை. இரண்டும் ஒன்றென நம்பவைத்தமையும், அந்நம்பிக்கைக்காகக் கொடுக்க வேண்டியிருந்த விலையை மறைத்தமையுமே குற்றம். எச்சரிக்கையுடன் நடந்திருக்கலாம் என்பதற்கும் இதே வரலாற்றிற் சான்று உண்டு. இதே புரதத்தை 40 மில்லிகிராம் அளவிற் கொண்ட 'அம்பிளிபை' என்னும் மற்றொரு சாதனத்தை நிபுணர் குழு 2010இல் ஆதரித்தபோதும், புற்றுநோய் பற்றிய ஐயத்தின் காரணமாக உணவு மருந்து நிருவாகம் 2011இல் அதற்கு அனுமதி வழங்க மறுத்தது. தரவு கண்முன் இருந்தது. ஆதலின் ஐயுற முடிந்தது.

தரவு எவருடையது?

ஆக, இவ்வரலாற்றில் 'விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொண்ட' தருணம் யாது? சஞ்சிகைகள் திருத்தவில்லை, 13 கட்டுரைகளையும் அவை ஏற்கனவே ஏற்றிருந்தன. மதிப்பீட்டாளர் திருத்தவில்லை, அவர்களுக்குக் காட்டப்பட்டது கட்டுரையே, தரவன்று. திருத்தியவர் சில மருத்துவர், சில பத்திரிகையாளர், சில மக்கள் பிரதிநிதிகள். மூச்சுத் திணறியவரும், நரம்பு வலியால் உறங்காதவரும், பிள்ளைப்பேறு இழந்தவருமாகிய நோயாளரின் முறைப்பாடுகள் அவர்களுக்குச் சான்றாயின. 2002 முதல் 2013 வரை பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 'தானே' என்போர் அவ்வாண்டுகளில் மேசைமேற் கிடந்த நோயாளரின் முன் நின்று அச்சொல்லை உரைக்கட்டும்.

இதனை அமெரிக்காவின் உள்வீட்டுச் சிக்கல் எனத் தள்ளிவிடுதலும் தகாது. பெருஞ் சோதனைகளைத் தாமே நடத்தும் வசதியற்ற நாடுகளின் மருத்துவரும் அதே சஞ்சிகைகளைப் படித்தே சிகிச்சையைத் தீர்மானிக்கின்றனர். மூலத்தில் மறைக்கப்பட்ட தீங்கு, அதனைச் சரிபார்க்கும் வழியே இல்லாத இடங்களில் இன்னும் ஆழமாக மறைந்துவிடும்.

தீர்வு இன்னதென்பது அறியப்படாத ஒன்றன்று. மருத்துவருக்கு நிறுவனங்கள் வழங்கும் பணம் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என 2010இல் ஐக்கிய அமெரிக்கா சட்டமியற்றியது. 2014 முதல் அவ்விபரங்களை எவரும் பார்வையிடலாம். அது முதற்படி மட்டுமே. பணத்தை வெளிக்காட்டுதல் மறைக்கப்பட்ட தரவை வெளிக்கொணராது. மனித உடலில் நடத்தப்படும் ஒவ்வோர் ஆய்வின் முழுத் தரவும், நோயாளரின் பெயர் நீக்கி, சுதந்திரமான ஆய்வாளரின் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். அதுவும் சாதனம் விற்பனைக்கு வருமுன் வேண்டும். ஊழல் வெளிப்பட்ட பின்னர் அன்று. விற்பவர் எழுதிய கட்டுரை விற்பவர் பெயரிலேயே வெளிவரல் வேண்டும். மருந்தைச் சுமக்கும் சாதனத்துக்கு மருந்துக்குரிய பொறுப்பும் உண்டெனச் சட்டம் கொள்ளல் வேண்டும்.

இக்கோரிக்கைகளுக்கு எதிராக எழும் இறுதிக் குரல், தரவு நிறுவனத்தின் சொத்து என்பதாகும். அத்தரவு எதனால் ஆனது? தன் முதுகைக் கத்திக்குக் கொடுத்து, எது நேரினும் அதனால் பின்வருவோர் பயன்பெறுவர் என நம்பி, ஆய்வுக்கு உடன்பட்ட மனிதரின் வலியாலும் நலத்தாலும் ஆனது. அவர்கள் தம் உடலை அறிவுக்கு ஈந்தனரேயன்றி ஒரு நிறுவனத்தின் பெட்டகத்துக்கு ஈந்தாரல்லர். பஞ்சும் கூடும் நிறுவனத்துக்கு உரியனவாகுக. அவை மனித உடலில் என்ன செய்தன என்ற உண்மை மனிதர் அனைவருக்கும் உரியது.